தெருச் சங்கத்தின் ஆண்டறிக்கை, வங்க ஆண்டு 1431, பிஷ்ணுபூர், மேற்கு வங்கம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன சித்திரை முதல் இந்தச் சித்திரை வரையிலான அறிக்கை இது. ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவுக்கும் துர்காபூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்ட நம் பிள்ளைகளுக்கும் இதை அனுப்புகிறோம். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் பலருக்குப் பிஷ்ணுபூர் என்றால் பூஜை விடுமுறைக்கு வந்து போகிற பாட்டி வீடு, அவ்வளவுதான்.

செயற்குழு 6 முறை கூடியது. ஆள் போதாமல் 2 கூட்டங்களை ஒத்திவைக்க வேண்டியிருந்தது. ரத யாத்திரைக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். ஆடிக் கடைசியில் பாம்புத் தெய்வமான மனசா தேவியின் விழா வழக்கம்போல் நடந்தது. மிருண்மயி கோயிலுக்காகப் பீரங்கி வெடித்துத் துர்கா பூஜை தொடங்கிய அன்று நம் தெருவிலும் சங்கு ஊதினோம். முன்பு நம் ஊரை ஆண்ட மல்ல மன்னர்கள் வெட்டிய 7 ஏரிகளில் ஒன்றான யமுனாபாந்தின் கரையில் ஒரு நாள் குப்பை அள்ளினோம். டிசம்பர் கடைசியில் நம் ஊர் மேளாவுக்குத் தொண்டர்களை அனுப்பினோம். நம் ஊர் மோதிச்சூர் லட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்ததும் சங்க வாசலில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம்.

இனி, தெருமுனை ராதா-கிருஷ்ணர் கோயில் வேலை. இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசியிருப்பதால் செயலாளராகிய நான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்கள் நம் ஊருக்கு வந்தால் பார்க்கிற கோயில்கள் எவை? மல்ல மன்னர் வீர ஹம்பீர் 1600இல் கட்டிய ராஸ்மஞ்சம். ரகுநாத சிங்கர் 1643இல் கட்டிய சியாம்ராய், 1655இல் கட்டிய ஜோர் பாங்ளா. துர்ஜன சிங்கர் 1694இல் எழுப்பிய மதன்மோகன். இவற்றுக்கெல்லாம் வேலி இருக்கிறது, காவலர் இருக்கிறார், தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது. நம் தெருமுனைக் கோயிலுக்கு இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அதுவும் அதே மண்ணில், அதே கைப்பழக்கத்தில் செய்ததுதான். மூங்கில் குடிசையின் கூரை மாதிரி நடுவில் உயர்ந்து இரு ஓரமும் வளைந்து இறங்கும் அதே இறவாரம். செங்கலையும் சுர்க்கி என்ற செங்கல்பொடிக் கலவையையும் வைத்துக் கட்டி, முகப்பு முழுக்கச் சுடுமண் பலகைகள் பதித்திருக்கிறார்கள். ராமாயணப் போர், கிருஷ்ணன் கோபியர், குதிரை மேல் வேட்டைக்காரர்கள், அன்ன வரிசை. சிறு வயதில் இந்தப் படியில் உட்கார்ந்து புளியங்காய் தின்றவர்கள்தான் நாம் எல்லோரும்.

இந்தப் பலகைகள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அளந்து, எண் கொடுத்துப் பதிவு செய்வது என்று வைகாசிக் கூட்டத்தில் முடிவானது. யோசனை என்னுடையது, அதை மறுக்கவில்லை. ஞாயிறு காலை 6:30 முதல் 9 மணி வரை வேலை. ஒருவர் சாரத்தில் ஏறி மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவார். ஒருவர் அளவுகோலை வைத்துப் படம் எடுப்பார். ஒருவர் நோட்டில் எழுதுவார். ஆக 3 பேர் இருந்தால் போதும். 17 பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் ஞாயிறு 11 பேர் வந்தார்கள். ஆனியில் 4 பேர். அப்புறம் நானும், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரும், நம் தெருவில் பாலுச்சரிப் பட்டுச் சேலை நெய்யும் நெசவாளர் பெரியவரும் மட்டும்தான்.

அந்தப் பெரியவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகப்பின் கீழ் வரிசையில் குதிரை வீரன் பலகையைத் துடைத்ததும் அவர் கிட்டே வந்து விரலால் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "இந்தக் குதிரையை நான் முந்தானையில் எத்தனை தடவை நெய்திருப்பேன்! கழுத்து இப்படித் திரும்பியிருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது" என்றார். பாலுச்சரி முர்ஷிதாபாத் பக்கத்துப் பாலுச்சரில் பிறந்து, அங்கே அழிந்து, 1950களில் அக்ஷய் குமார் தாஸ் முயற்சியால் நம் ஊர்த் தறியில் மறுபடி உயிர் பெற்றது. கோயில் சிற்பத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, தறிக்கு வடிவத்தைச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளையாக மாற்றி, பட்டில் கொண்டுவருகிறார்கள். பலகை உதிர்ந்தால் சேலைக்கும் மூலம் போய்விடும். இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

ஆவணி மழையில் ஒரு நாள் விடியற்காலை போனபோது படியில் ஒரு பலகை விழுந்து கிடந்தது. உள்ளங்கை அகலம். தொப்பி போட்ட சிலர் துப்பாக்கியோடு படகில் போகிற காட்சி. மேல் மூலை உடைந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். சுடுவதற்கு முன் ஈர மண்ணை அழுத்திப் பிடித்தவரின் 4 விரல் தடம் பின்பக்கம் அப்படியே இருந்தது. என் விரல்களை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. சின்னக் கை. அதைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, தேதி எழுதி, என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். பலகையைச் செயலாளர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று சொல்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சங்கத்துக்குப் பூட்டுள்ள பெட்டி கிடைத்த அன்றே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வேன்.

அடுத்து நடந்ததுதான் பெரிய வருத்தம். பூஜைக்கு முன்னால் நான் கண் அறுவைச் சிகிச்சைக்காக 10 நாள் வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்தபோது கோயிலின் தெற்கு முகம் முழுக்க எனாமல் பெயிண்ட். கிருஷ்ணனுக்கு நீலம், கோபியருக்கு ரோஜா நிறம். செய்தவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள், காசும் அவர்கள் சொந்தக் காசு. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் சுடுமண் மூச்சுவிட வேண்டும். தரையிலிருந்து ஏறும் ஈரம் பெயிண்ட்டைத் தாண்ட முடியாமல் உள்ளேயே தங்கும். உப்பு பூத்து மேல்தோலைத் தள்ளும். பெயிண்ட் உரியும்போது கிருஷ்ணனின் முகமும் சேர்ந்து வரும். மாசியில் 2 இடத்தில் அது தொடங்கிவிட்டது. பெயிண்ட் பற்றிப் பேசத்தான், அடிப்பதற்கு முன்பே, புரட்டாசிக் கூட்டம் கூட்டப்பட்டது. அன்று 5 பேர் வந்திருந்தால்கூட வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருக்கலாம். 3 பேர்தான் வந்தார்கள், கூட்டம் நடக்கவில்லை. கிழக்கு முகம் முழுவதும் பதிவாகிவிட்டது. தெற்கில் பாதி, பெயிண்ட் அடிக்கும் முன் எடுத்த படங்களில் மட்டும் இருக்கிறது. மீதிப் பாதிக்குப் படமும் இல்லை.

சந்தா. ஆண்டுக்கு 300 ரூபாய். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் பாக்கி, சிலருக்கு 3 வருடப் பாக்கி. இந்த ஊரில் பாக்கி என்ற சொல் சாதாரணச் சொல் இல்லை. நிலவரிப் பாக்கிக்காகத்தான் 1806இல் மல்லர்களின் ஜமீன் ஏலத்துக்கு வந்து வர்தமான் (பர்த்வான்) மகாராஜா கைக்குப் போனது. அதற்கும் முன்னால், மராட்டியப் படை வந்தபோது தள்மாதள் பீரங்கியைத் தானே வெடித்து ஊரைக் காத்தான் என்று நாம் பாடுகிற மதன்மோகன் என்ற கிருஷ்ண மூர்த்தியையே மல்ல மன்னர் சைதன்ய சிங்கர் கடனுக்கு அடகு வைக்க நேர்ந்தது. அந்த மூர்த்தி இன்றும் கொல்கத்தா பாக்பஜாரில்தான் இருக்கிறது. என் பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குரல் உடையும். 300 ரூபாயை அதோடு ஒப்பிடுவது அதிகம் என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

வரவு செலவை இந்த ஆண்டு ஓரளவு சமாளித்தோம். சந்தாவும் மேளாவின்போது வந்த நன்கொடைகளும் வரவு. வாடகை, மின்கட்டணம், விழாச் செலவு, சாரத்துக்கான மூங்கில், கயிறு, பிரஷ், படங்களைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க் ஆகியவை செலவு. சிறு பற்றாக்குறையை இப்போதைக்கு என் கைப்பணத்தில் சரிக்கட்டியிருக்கிறேன். விவரமான கணக்குப் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், தண்ணீர்ப் பந்தலுக்குப் பானை கொடுத்த குயவர் குடும்பம், கூட்டங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்த அக்கா, நகராட்சி ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி. ஓவிய ஆசிரியருக்கும் நெசவாளர் பெரியவருக்கும் தனியாக நன்றி.

வரும் ஆண்டில் வடக்கு, மேற்கு முகங்களை மழைக்கு முன் முடிக்க வேண்டும். தெற்கு முகத்துப் பெயிண்ட்டைக் கல்லும் மண்ணும் தெரிந்த நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை யாரும் சுரண்ட வேண்டாம், தண்ணீர் அடிக்க வேண்டாம். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதாக இருந்தால் மனமாரக் கொடுத்துவிடுகிறேன். நோட்டை மட்டும் நானே எழுதிக்கொண்டிருக்க அனுமதி வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். கல்யாணம், பூணூல், பூஜை என்று தெற்கு முகத்தின் முன் நின்று எடுத்த படம் எந்த வீட்டிலாவது இருக்கும். உங்களுக்குப் பின்னால் தெரிகிற சுவர்தான் எங்களுக்கு வேண்டும். அனுப்பி வையுங்கள்.

வரும் ஞாயிறு காலை 6:30க்குக் கோயில் படியில் இருப்பேன். சாரத்தின் கீழ்த்தட்டில் இன்னும் 2 பேர் நிற்கலாம். பிரஷ் நான் கொண்டுவருகிறேன்.

செயலாளர்
பிஷ்ணுபூர், பாங்குரா மாவட்டம்