ஏரி திறக்கும் நாளில் நீங்கள் தரும் பேட்டி
(மாவட்ட ஆட்சியர்களுக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்)

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் வேலை செய்கிறேன். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், ஏரிக்கரையில் நின்று நீங்கள் தரும் பேட்டிகளை வெட்டித் தொகுப்பதுதான் என் வேலை.

நீங்கள் பத்து நிமிடம் பேசினாலும் ஒளிபரப்பாவது பெரும்பாலும் அரை நிமிடம்கூட இருக்காது. அதில் "தேவையான முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன" என்பது மட்டும் இருந்தால், அடையாற்றங்கரையில் குழந்தைகளோடு இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? தண்ணீர் எப்போது வரும், எந்தத் தெரு வரை வரும், நாங்கள் எங்கே போக வேண்டும்? அவர் கேட்பது இவ்வளவுதான். அதை முதலில் சொல்லுங்கள். அமைச்சர் ஆய்வு செய்தது, தூர்வாரிய கணக்கு எல்லாம் அப்புறம்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அந்த எண்ணை வைத்து, தன் வீட்டுக்குள் எத்தனை அடி ஏறும் என்று யாரால் கணக்குப் போட முடியும்? எண்ணைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே தாழ்வான தெருக்களின் பெயரையும் முகாம் நடக்கும் பள்ளியின் பெயரையும் சொல்லுங்கள். மைக் முன்னால் வருவதற்குள் தாசில்தாரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். அதைப் பார்த்துப் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

"ஏரி உடைந்துவிட்டதாமே?" என்று நிருபர் கேட்டால், "உடையவில்லை" என்று தொடங்காதீர்கள். மழைச் சத்தத்தில் டிவி பார்ப்பவர் காதில் "உடை" வரைக்கும்தான் விழும். கரையைப் பார்த்துவிட்டு வந்திருந்தால், "இப்போதுதான் பார்த்தேன், கரை உறுதியாக இருக்கிறது, நீர்மட்டம் இத்தனை அடி" என்று சொல்லுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். "ஆறு மணிக்குச் சொல்கிறேன்" என்றால், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆறு மணிக்கு வந்து நில்லுங்கள். 2016-இல் ஓய்வுபெறும் வரை சென்னை வானிலை மையத்தின் எஸ்.ஆர்.ரமணன், தாழ்வு மண்டலம் எங்கே இருக்கிறது, எங்கெல்லாம் மழை என்று நிதானமாக, எளிய தமிழில் சொல்வார். மழை என்றாலே அவர் முகத்தைத் தேடும் அளவுக்கு மக்கள் அவரை நம்பினார்கள்.

எங்கள் நிருபர்களும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், உண்மைதான். "ஒவ்வொருவராகக் கேளுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைத் தெருப்பெயர்களோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். அந்த வரியை நான் வெட்டமாட்டேன்.

இப்படிக்கு,
செய்திப் பிரிவு ஊழியர் ஒருவர்