தவணை நிறைவும் இரவு இயங்கலை வகுப்பும்: பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

பள்ளித் தவணை நல்லபடியாக முடிகிறது. திருக்குறள் போட்டி, சதுரங்கம், விளையாட்டு விழா என எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். துணைநின்ற பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி. விடுமுறைக்கு முன், இரவில் நடக்கும் இயங்கலை (இணையவழி) வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வேறு வழியில்லாமல் தொடங்கியது இது. கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கு உதவுவதால் இன்றும் விடாமல் நடத்துகிறோம். பிள்ளையின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதும் நல்லதுதான்.

அண்மையில் நான்காம் ஆண்டு வகுப்பில் நானும் இணைந்திருந்தேன். 24-இல் நான்கில் மூன்று பாகம் எவ்வளவு என்று ஆசிரியர் கேட்டார். ஒரு பிள்ளையின் கண் இடப்பக்கம் போனது. ஒலிவாங்கி அணைந்தது. மறுபடி திறந்ததும் ‘18’ என்று பதில் வந்தது. “சரி, எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்றார் ஆசிரியர். கண் மீண்டும் இடப்பக்கம் போனது.

பெரியவர்கள் பக்கத்திலிருந்து விடையைச் சொல்லிக்கொடுப்பது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதில்லை. விடை சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான்காகப் பங்கிடுவதில் சிக்கலா, மூன்று பங்கை எடுப்பதில் சிக்கலா என்று ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விட்டது. வகுப்பறையில் மேசை அருகே போய் நோட்டைப் பார்த்துவிடலாம். திரையில் ஆசிரியருக்குக் கிடைப்பது பிள்ளையின் தயக்கமும் தப்பான விடையும்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அடுத்த கேள்வியைக் கேட்கிறார், பேசாத பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறார், பாடத்தை நகர்த்துகிறார்.

இதில் கடினமான திறமை, கேட்டுவிட்டுக் காத்திருப்பது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகள் விரிவாகப் பதில் சொன்னார்கள், பதிலே சொல்லாமல் இருப்பதும் குறைந்தது. இணைய வேகம் குறைந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் வீட்டிலிருந்து விடை வந்துவிடுகிறது.

வீட்டில் நீங்களும் ஒரு வழிநடத்துநர். “கேள்வியை இன்னொரு தடவை வாசி”, “தாளில் வரைந்து பார்”, “புரியவில்லை என்று ஆசிரியரிடமே சொல்” என்றால் போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அடுத்த தவணை முதல், பெரியவர் சொல்லிக்கொடுத்த விடை என்று தெரிந்தால் ஆசிரியர் அதை ஏற்கமாட்டார். மறுநாள் பள்ளியில் பிள்ளையிடமே கேட்பார். ஆறாம் ஆண்டில் நடந்த யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். இல்லாத அடைவுநிலையைப் பதிவு செய்தால், உதவி தேவைப்படும் பிள்ளை உதவி வகுப்பிலிருந்தே விடுபட்டுவிடும். அப்புறம், “இதுகூடத் தெரியாதா?” என்று மற்ற பிள்ளைகளின் காதில் விழும்படி உங்கள் பிள்ளையை அதட்டுவதை நிறுத்துங்கள். அதன்பின் அந்தப் பிள்ளை வாயே திறப்பதில்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்து, சாப்பிடாமல்கூட பிள்ளை அருகில் அமர்பவர்கள் இருக்கிறீர்கள். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றித் தருபவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் அக்கறையால்தான் இந்த வகுப்பு நிற்காமல் நடக்கிறது. மனமார்ந்த நன்றி. நேரம் ஒத்துவராதவர்கள் விடுமுறைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள், மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
பினாங்கு