மகள் முணுமுணுத்த பாட்டு

குகன் மச்சான்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, ஏசாதே. அம்மாவின் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, கிணற்றடி மதில் இன்னும் விழவில்லை, ராசன் கடனைத் திருப்பித் தந்துவிட்டான் (நம்பமாட்டாய், தெரியும்).

போன கிழமை மகளைக் கொழும்புக்கு ஒரு விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒலிபெருக்கியில் தேசிய கீதம், சிங்களத்தில். எல்லோரும் எழும்பி நின்றோம். இவள் என்னடாவென்றால், பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் இருக்கிற அதன் தமிழ் வடிவம் 'ஸ்ரீ லங்கா தாயே'யை அந்த மெட்டுக்கே முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள்! முன்னால் நின்ற பிள்ளை திரும்பிப் பார்க்க, எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவள் சாவகாசமாக, "ரெண்டும் ஒரே நேரத்தில முடிஞ்சுது அப்பா" என்கிறாள்.

அன்று இரவு நித்திரையில்லை, இதையே தேடித் தேடி வாசித்தேன். ஆனந்த சமரக்கோன் 1940இல் எழுதின பாட்டு, 1951இல் தேசிய கீதம் ஆனது. தமிழாக்கினவர் எங்கட வட்டுக்கோட்டைப் புலவர் மு. நல்லதம்பி. சுருட்டு மாஸ்டர் இதை ஒரு நாளாவது சொன்னாரா? ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது சமரக்கோனின் கதை. பாட்டு 'நமோ நமோ மாதா' என்று தொடங்கியது. 'ந'வில் தொடங்குவது நாட்டுக்குக் கூடாதாம், இரண்டு பிரதமர்கள் செத்ததே அதனால்தானாம்! ஒருவர் குதிரையால் விழுந்தவர், மற்றவர் சுடப்பட்டவர். அந்தச் சுடப்பட்டவர்தான் 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டவர், அதையெல்லாம் விட்டுவிட்டு பழியை ஓர் எழுத்தின் தலையில் போட்டார்கள். எழுதினவர் எதிர்க்க எதிர்க்க 1961இல் முதல் வரியை மாற்றினார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் மனிதர் போய்விட்டார். பாட்டைப் பறிகொடுத்தது நாங்கள் மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன் மச்சான்.

தமிழுக்கு நடந்தது உனக்குத் தெரியும். 2010இல் தமிழ் வடிவத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரே அமளி, 2016 சுதந்திர தினத்தில் கொழும்பு காலிமுகத்திடலில் பாடினார்கள், 2020இல் திரும்பவும் இல்லை. மழை மாதிரி, வந்தால் வரும்.

உங்கட கனடாக் கீதம் 1880இல் முதலில் பிரெஞ்சில்தான் பாடப்பட்டதாமே? ஆங்கிலம் அதன் மொழிபெயர்ப்பே இல்லையாம், மெட்டு மட்டும் ஒன்று, சொல்வது வேறு வேறு. இங்கே சொல்வதும் ஒன்று, மெட்டும் ஒன்று, அதற்கே இந்தச் சண்டை. உன் சின்னவன் எந்த மொழியில் பாடுகிறான்? இல்லை, உன்னைப்போல வாயை மட்டும் அசைக்கிறானா?

நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாட்டுக்கு எழும்பி நின்றோம் என்பதை இங்கே எழுதவில்லை. மகளுக்கும் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் காலி நகரத்தில் போட்டி. "இந்த முறை சத்தமாப் பாடட்டா?" என்று கேட்கிறாள். ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. நீ என்ன சொல்லியிருப்பாய்? கெதியாகப் பதில் போடு.

சிவா