குழாய்த் தண்ணீர் ஆய்வு முடிவை ஒட்டுங்கள்

ஐயா,

எங்கள் குடியிருப்பில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிகிறது. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் தலைமுடியில் ஒட்டுகிறது. கேட்டால், "டிடிஎஸ் சரியாகத்தானே இருக்கிறது" என்கிறார்கள். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்தத்தை உத்தேசமாகக் காட்டும், அவ்வளவுதான். நீரைக் கடினமாக்கும் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று காட்டாது. அந்த இரண்டும் சேர்ந்து, கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடின நீர்.

சரி, கடின நீருக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நல வரம்பு எதுவும் வைக்கவில்லை. என் பெரிய கவலை, உரம், கழிவுநீரிலிருந்து கலந்து கைக்குழந்தைகளுக்கு ஆபத்தாகக்கூடிய நைட்ரேட்டும், கிருமிகளும்தான். பார்த்தோ ருசித்தோ அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. அந்தத் தண்ணீரில்தான் பச்சிளம் குழந்தைகளுக்குப் புட்டிப்பால் கலக்கிறார்கள். ஆய்வக அறிக்கையை எல்லோரும் படிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முதலில் சொல்லுங்கள்.

— ஒரு குடியிருப்புவாசி