அளந்த பிறகு கட்டரைக் குறை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுப் பட்டறையில் மில்லிங் மெஷின் (கட்டர் எனும் சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) வைத்திருப்போர் பலரும், செதுக்கிய பரப்பு சமமாக வராவிட்டால் கட்டரையே குறை கூறுகின்றனர். நானும் அப்படித்தான் இருந்தேன். கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில், நுண்ணிய உயர வேறுபாட்டை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனை மேசைமீது 200 மி.மீ. விட்ட வட்டமாகச் சுற்றிவரும்படி கையால் திருப்பிப் பார்த்தபோதுதான், இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் 0.10 மி.மீ. வேறுபாடு, அதாவது மேசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டிய ஸ்பிண்டிலில் மீட்டருக்கு அரை மி.மீ. சாய்வு இருப்பது தெரிந்தது. ஸ்பிண்டில் உள்ள தலைப்பகுதியைத் திருப்பிச் சரிசெய்ய இயலாத முன்பின் சாய்வுக்கு, அதைத் தாங்கும் தூணின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைக்க வேண்டியிருந்தது. போல்ட்டுகளை இறுக்கும்போதே முள் மீண்டும் நகர்ந்துவிடும், எரிச்சலூட்டும் வேலைதான். ஆகவே முழுவதும் இறுக்கிய பின்னரே அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேசை நகரும் தடத்தில் தளர்வு இருந்தால், அதை முதலில் நீக்காமல் எடுக்கும் எந்த அளவையும் நம்ப இயலாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்