பன்றிக்குக் கொழுப்பு பெரும்பாலும் கல்லீரலில் உருவாவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்றிகளின் செரிமான உறுப்புகளில் கொழுப்பு தொடர்பான மரபணுக்கள் செயல்படும் விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாரும் எளிதில் தொடாத பொருள், எழுதியவருக்குப் பாராட்டு. ஆனால் கொழுப்பமிலத்தைக் கட்டும் நொதிக்கான எஃப்.ஏ.எஸ்.என். மரபணு கல்லீரலில் எவ்வளவு செயல்படுகிறது என்று காட்டி, பன்றி கொழுப்பதற்கு அதையே காரணமாக்கியிருப்பது இடறுகிறது.

கோழிக்கும் மனிதனுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தும். மாவுச்சத்தைக் கொழுப்பமிலமாக மாற்றும் வேலை அங்கே பெரும்பாலும் கல்லீரலில்தான். பன்றியில் அது பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே நடக்கிறது. 1960களின் இறுதியிலேயே தெரிந்துபோன செய்தி இது. முதுகுக் கொழுப்பு ஏன் தடிக்கிறது என்று அறிய வேண்டுமானால் முதுகுக் கொழுப்பையே வெட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்காகச் செரிமான உறுப்புகளில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. பித்தநீர் குழம்பாக்கி, கணையத்தின் லிப்பேஸ் நொதி உடைத்துத் தரும் கொழுப்பைச் சிறுகுடல் செல்கள் உள்ளே வாங்கி, திரும்ப ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பாகக் கட்டி, நிணநீரில் அனுப்புகின்றன. அப்படிக் கட்டுவதற்கான டி.ஜி.ஏ.டி.1, அனுப்பும் பொதியில் ஏற்றுவதற்கான எம்.டி.டி.பி. ஆகிய மரபணுக்களின் களம் அதுதான். கல்லீரலில் கவனிக்க வேண்டியது கொழுப்பை எரிக்கும் பக்கம். கொழுப்பை எரிக்கும்போது கல்லீரலில் உருவாகும் கீட்டோன்களைப் பட்டினி கிடந்தாலும் பன்றி மிகக் குறைவாகவே உண்டாக்குகிறது. மனிதனுக்கு மாதிரியாகப் பன்றியை எடுத்துக்கொள்பவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு.

கட்டுரையின் அட்டவணையில் 'குடல்' என்று மட்டும் போட்டிருக்கிறது. வளர்ந்த பன்றியின் சிறுகுடல் பல மீட்டர் நீளம். கொழுப்பை அதிகம் உறிஞ்சும் நடுப்பகுதியும் பித்த உப்பை மீட்டெடுக்கும் கடைப்பகுதியும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். உட்சவ்வைக் கண்ணாடிச் சில்லால் வழிக்கும்போது கொஞ்சம் அழுத்திவிட்டால் தசையும் கூடவே வந்துவிடும், எண் மாறிவிடும். கணையம் இன்னும் மோசம்: மரபணு செயல்படுவதைக் காட்டும் ஆர்.என்.ஏ.வை அதன் சொந்த நொதிகளே தின்றுவிடும் என்பதால் எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டாக வேண்டும். கடைசியாகத் தீவனம் வைத்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதும் முக்கியம், ஏனென்றால் பட்டினிக்கும் வயிறு நிறைந்ததற்கும் இடையே இந்த மரபணுக்களில் பல தலைகீழாக மாறிவிடுகின்றன.

இன்னொன்று. மரபணுவின் செய்தியை எடுத்துச் செல்லும் எம்.ஆர்.என்.ஏ. கூடியது என்றால் நொதி அதே அளவு வேலை செய்தது என்று பொருளல்ல. கொழுப்பமிலம் கட்டுவதைத் தொடங்கிவைக்கும் அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் நொதியின்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டாலே அதன் வேகம் அடங்கிவிடும். மரபணுவை அளப்பவருக்கு அது கண்ணில் படாது.

தொடரின் அடுத்த பகுதியிலாவது மாதிரி எந்த உறுப்பின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது, தீவனம் வைத்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்ற இரண்டு விவரங்களையும் அட்டவணையில் சேர்க்கக் கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்