எட்டுக் குடம் நல்ல தண்ணி

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம் என் பழைய ஜீப் ஸ்டார்ட் ஆகிவிட்டது. செல்ஃப் மோட்டார் இன்னும் மாட்டவில்லை, ஹேண்டில் போட்டுத்தான் சுற்றினோம். எண்ணிக்கொண்டிருந்த பொடியன்களுக்கே கணக்கு விட்டுப்போன நேரத்தில் ஒரு தும்மல். கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு நாலு சிலிண்டரும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. புகைக்குழாயில் முதலில் வெள்ளையாக, டீசல் நாற்றத்தோடு புகை வந்தது. போகப் போகத் தெளிந்தது. நான் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். உள்ளங்கைக்குள் அந்த அதிர்வு ஏற ஏற அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடல் ஊருக்குள் புகுந்த அந்த ராத்திரியைப் பற்றி இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குள் வந்த அதே கடல்தான் என் கொட்டகைக்குள்ளும் வந்தது. உங்களில் சிலருக்குப் போனது என்னுடையதைவிடப் பெரிது. அதனாலேயே இந்த மடலை எழுதத் தயங்கினேன். அடுப்பு நனைந்து கிடக்கும்போது ஒரு பழைய ஜீப்புக்காக ஊரே கை கொடுத்தது என்றால் கேட்பவர்களுக்கு எப்படி இருக்குமோ என்று. ஆனால் சொல்லாமல் விட்டால் அது பெரிய தப்பு.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இது இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப். வில்லிஸ் கம்பெனியின் வடிவமைப்பை வாங்கி ஃபோர்டு செய்த ஜி.பி.டபிள்யூ. ரகம். 1941 முதல் 1945 வரை இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ரேடியேட்டருக்குக் கீழே முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த பள்ளமாக இருந்தால் ஃபோர்டு. போல்ட் தலைகளில்கூட ஃபோர்டு தன் முதலெழுத்தை அச்சடித்திருக்கும். போர் முடிந்ததும் பட்டாளம் கழித்துக்கட்டிய வண்டிகள் நம் நாட்டில் கை மாறி மாறிப் போயின. அப்படிக் கை மாறி எங்கள் அப்பாவிடம் வந்தது இது. பாம்பனில் ரோட்டுப் பாலம் 1988-ல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் தீவுக்கு வண்டி போக வேண்டுமென்றால் ரயிலோ படகோதான். அப்பா இதைச் சரக்கு ரயிலில் ஏற்றித்தான் கொண்டுபோனார். முகுந்தராயர் சத்திரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் வெறும் மணலில் மீன் கூடையும் ஆளுமாக இழுத்தது. ரயிலில் ஏறிப் போன வண்டி, பாலத்து மேல் தன் காலில் ஓடி மண்டபத்துக்குத் திரும்பியது. அப்பா அதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

அவருக்குப் பிறகு அது கொட்டகையில் கோழி அடையும் இடமாகக் கிடந்தது. ஆறு வருஷம் பிடித்தது அதை மீட்க. பெயின்ட்டை ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டினேன். நீலம், அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே அந்தப் பழுத்த ஆலிவ் பச்சை. இடது பக்கச் சட்டத்தின் மேல் துருவுக்கு அடியிலிருந்து எண் ஒவ்வொன்றாக எழுந்து வந்த மத்தியானத்தை மறக்க மாட்டேன்.

அந்த வண்டிதான் விடியும்போது ஸ்டியரிங் வளையம் வரை உப்புத் தண்ணீரில் நின்றது.

இனி அக்காவைப் பற்றி. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருக் கடைசியில் இருப்பவர். தினமும் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு தேரி மணலில் இருக்கும் ஊத்துக்குப் போய்வருகிறவர். குழாயில் காவேரித் தண்ணி வராத நாளில் எங்கள் தெருவுக்கு அந்த ஊத்துதான் கதி. மணலைத் தோண்டி, ஊறி வரும் வரை உட்கார்ந்திருந்து, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷம் முன்னால், ஒரு சித்திரை மாசம், நான் ஓஸ் பைப் பிடித்து ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்று, "குடிக்கத் தண்ணியில்லாத ஊருல இரும்பக் குளிப்பாட்டுறியாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றோடு ஓஸ் பைப்பைச் சுருட்டி வைத்துவிட்டு ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தேன். அவர் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

தண்ணீர் வடிந்த அந்தக் காலையில் நான் பழைய வேட்டியைக் கிழித்து இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சேற்றைத் தாண்டி அக்கா வந்து நின்றார்.

"தம்பி, தொடைக்காத. வெயிலு ஏறுறதுக்குள்ள நல்ல தண்ணி விடு. காஞ்சா உள்ளுக்குள்ள உப்பு பூத்துரும்."

அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. எனக்கும் தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் புத்தி வேலை செய்யவில்லை. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் அந்த உப்பு இரும்பை விட்டுப் போகாது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு ராப்பகலாக அரிக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மூழ்கின இன்ஜினைக் கழுவாமல் காயப்போடுவது அதைக் கொல்வதற்குச் சமம். இந்த ஜீப் தண்ணீரில் இறங்கி ஏறுகிற மாதிரி செய்த வண்டிதானே, ஒன்றும் ஆகாது என்று சிலர் தைரியம் சொன்னார்கள். ஆற்றைக் கடந்து போவது வேறு. கடலுக்குள் ராத்திரி முழுக்க ஊறிக் கிடப்பது வேறு.

"நல்ல தண்ணிக்கு எங்கக்கா போறது?" என்றேன். குழாய் இல்லை, கரண்ட் இல்லை, ஊத்தெல்லாம் கடல் புகுந்து கரித்துப்போய்க் கிடந்தது.

அக்கா பதில் சொல்லாமல் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. எட்டுக் குடம். முந்தின நாள் ஊத்தில் அள்ளி, தட்டுப் போட்டு மூடி, உயரத் திண்ணையில் வைத்திருந்தது. கடல் தொடாமல் அந்த வீட்டில் மிஞ்சியிருந்த நல்ல தண்ணி அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "பேசிக்கிட்டிருந்தா வெயிலு ஏறிரும்" என்று சொல்லிவிட்டு முதல் குடத்தைத் தூக்கினார்.

ஒரு சொட்டுகூட அவர் வீணாக்கவில்லை. சொம்பில் மொண்டு மேலிருந்து கீழாக விடுவார். கீழே வடிவதைச் சட்டியில் பிடித்து அதையே சேஸிஸுக்கு ஊற்றச் சொல்வார். இந்த இன்ஜினில் வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே பக்கவாட்டில் இருக்கும். டேப்பட் கவரைத் திறந்து அங்கேயும் விட்டோம். மேலே வரிசையாக இருக்கும் நாலு பிளக்கையும் கழற்றி, துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் உள்ளே இருந்த கருப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. அக்கா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கரிக்குது. விடு."

மறுபடி ஊற்றினோம், சுற்றினோம். மறுபடி விரல், நாக்கு. "இன்னும் கரிக்குது." டைனமோவுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் தனித்தனியாக இதே வைத்தியம். எஞ்சின் ஆயிலும் சேறும் கலந்த அந்தத் தண்ணீரை அவர் எத்தனை முறை நாக்கில் வைத்தார் என்று நான் எண்ணவில்லை. ஏழாவது குடம் பாதிக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து, "இப்ப போதும். இனிமே டீசல ஊத்தி மூடு" என்றார். மிச்சம் இருந்தது ஒன்றரைக் குடம். அதையும் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக் கெஞ்சி அதைத் திருப்பி அனுப்பினேன். ஊருக்குத் தண்ணி லாரி மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. அதுவரை அந்த ஒன்றரைக் குடத்தில்தான் அவர் வீட்டில் நாலு பேர் சமாளித்தார்கள்.

ஏன் செய்தார் என்று ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன். அவர் வீட்டுக்காரரின் வத்தை, அதாவது மீன்பிடிப் படகு, ஒரு சமயம் கரையிலேயே முங்கி, இன்ஜின் ஒரு நாள் முழுக்கக் கடலில் கிடந்ததாம். எடுத்துத் துடைத்து வெயிலில் காயவைத்திருக்கிறார்கள். நாலாம் நாள் அது இறுகிப்போய் அசையவே இல்லை. கடன் மட்டும் ஐந்து வருஷம் ஓடியது. "அன்னைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்ல. ஒன் மூஞ்சியப் பார்த்தா அவரு நின்ன மாதிரியே இருந்துச்சு" என்றார்.

அக்கா, இதை உங்கள் பேத்தி உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். நேரில் சொல்ல வந்தால் "போ, போய் வேலையப் பாரு" என்று விரட்டிவிடுகிறீர்கள். அதனால் ஊர் அறிய இங்கே சொல்கிறேன். இந்த வண்டி இன்று மூச்சு விடுகிறதென்றால் அது உங்கள் தண்ணி. நான் எத்தனை பட்டறை ஏறி இறங்கியிருந்தாலும், அந்தக் காலை நேரம் தவறியிருந்தால் எதுவும் பயன்பட்டிருக்காது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். பரமக்குடியிலிருந்து தன் ஜோங்காவைக் கொண்டுவந்து சேற்றிலிருந்து இழுத்துப்போட்ட நண்பருக்கு நன்றி. ஜபல்பூர் தொழிற்சாலை நம் பட்டாளத்துக்காகச் செய்த வண்டி, அந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் உறுமினால் தெருவே திரும்பிப் பார்க்கும். மோர் மாதிரி வெளுத்துப்போயிருந்த ஆயிலை வடித்து, டீசல் விட்டு, மறுபடி வடித்து, நாலு தடவை பொறுமையாகச் செய்த படகு மெக்கானிக் அண்ணனுக்கும் அவர் பையன்களுக்கும் நன்றி. ஆறு வோல்ட் வண்டி பேட்டரி இந்தக் காலத்தில் கடையில் லேசில் கிடைக்காது, தன் வண்டியிலிருந்து கழற்றி மதுரை பஸ்ஸில் போட்டு அனுப்பியவருக்கு நன்றி. கேஸ்கெட் செட், பாயின்ட் செட் அனுப்பிய கோயம்புத்தூர், சென்னை நண்பர்களுக்கும், மகிந்திரா ஜீப்பின் எந்தெந்தச் சாமான் இதற்குப் பொருந்தும் என்று ராத்திரி ஒரு மணிக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்தவருக்கும் நன்றி. அமெரிக்க ராணுவம் இந்த ஜீப்புக்காகப் போட்ட 1944-ம் வருஷத்து டி.எம். 9-803 கையேடு என்னிடம் ஊறிக் கூழாகிவிட்டது. துபாயிலிருந்து அதை முழுசாக அச்செடுத்து அனுப்பிய கீழக்கரை நண்பருக்கு நன்றி. காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்து, அடித்துப்போன போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்த எங்கள் தெருப் பொடியன்களை விட்டால் பாவம். டப்பாவில் போட்ட நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது கிடைத்துவிட்டது.

போர் வண்டியை வீட்டில் வைத்துக் கொஞ்சுவது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் பர்மாவிலும் மலாயாவிலும் நேதாஜி படையில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இது எதிர்ப்பக்கத்து வண்டி. ஆனால் என் கண்ணில் இது துப்பாக்கி ஏற்றிய நாளைவிட மீன் கூடை ஏற்றிய வருஷங்கள்தான் அதிகம் நிற்கின்றன. ஸ்டியரிங்கில் அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த இடம் வழவழப்பாக இருக்கிறது. ஆறு வருஷ வேலையில் அந்த ஒரு இடத்தை மட்டும் நான் பெயின்ட் அடிக்காமல் விட்டேன்.

இப்போது ஒரு வாக்கு, எல்லோரையும் சாட்சி வைத்து. இந்த ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி இருக்கிறது. அந்தக் காலத்தில் கால் டன் டிரெய்லரை இழுப்பதற்கென்றே வைத்தது. லேத் பட்டறை அண்ணன் அதே அளவில் ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். பதினைந்து குடம் தாராளமாக நிற்கும். வருகிற பங்குனியிலிருந்து, குழாயில் தண்ணி வராத நாளெல்லாம், காலையில் ஐந்து மணிக்கு இந்த வண்டி எங்கள் தெருப் பெண்களையும் குடங்களையும் ஏற்றிக்கொண்டு ஊத்துக்குப் போகும், திரும்பும். மணல் அதற்குப் புதிதில்லை. டிரெய்லர் அசல் இல்லை, வண்டியின் மதிப்புக் குறையும் என்று நம் பழைய வண்டிக் கூட்டத்தில் சிலர் சொல்லப்போகிறீர்கள், தெரியும். குறையட்டும்.

கொட்டகைத் தரையை மூன்றடி உயர்த்தும் வேலை திங்கட்கிழமை ஆரம்பிக்கிறது. சாமான்களை ஒதுக்கும்போது யார் யாருடையதோ இங்கே சேர்ந்து கிடப்பது தெரிந்தது. ஒரு டார்ச் லைட், இரண்டு ஜோடி செருப்பு, பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்று. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா, உங்கள் பச்சைக் குடம் ஒன்றும் இங்கேயே தங்கிவிட்டது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவியும் உள்ளே லேசாக டீசல் வாடை அடிக்கிறது. புதுக் குடம் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் அதை நிரப்பித்தான் கொண்டுவருவேன், விரட்டக் கூடாது.